கற்காய்க் கருவாலி: சொல் விளக்கம்

லித்தோகார்ப்பஸ் என்பது தென்கிழக்கு ஆசியாவின் மழைக்காடுகளிலும் மலைக்காடுகளிலும் வளரும், 300க்கும் மேற்பட்ட இனங்களைக் கொண்ட மரப் பேரினத்தின் பெயர். அதற்குத் தமிழில் இடும் பெயரே ‘கற்காய்க் கருவாலி’. இப்பேரினம் பீச் குடும்பத்தைச் சேர்ந்தது. (இந்தப் பீச், கடற்கரையும் அன்று, பழமும் அன்று, ஐரோப்பாவின் காட்டு மரம்.) கிரேக்கத்தில் ‘லித்தோஸ்’ என்றால் கல், ‘கார்ப்போஸ்’ என்றால் கனி. ஜாவாவின் தாவரங்களை ஆராய்ந்த கார்ல் லுட்விக் புளூம் 1820களில் இப்பெயரைச் சூட்டினார். காய், செதில் போர்த்த சிறு கிண்ணத்தில் அமர்ந்திருக்கும். சில இனங்களில் அதன் ஓடு தடித்து, கத்திக்கு இடம் கொடாமல், சுத்தியலுக்கே உடையும்.

இதே குடும்பத்தைச் சேர்ந்த ஓக் மரத்தைத் தமிழில் கருவாலி என்பர். தமிழ் விவிலியத்தில் அது ‘கர்வாலி’. தென்னிந்தியக் காடுகளில் இக்குடும்பத்து மரங்கள் இயல்பாக வளர்வதில்லை என்பதால், மரத்தைக் காணாமலே பெயரை மட்டும் அறிந்திருக்கிறோம். ஆயினும் அதன் விளைபொருள் ஒன்று நம் வீடுகளில் உண்டு: குழந்தையின் நாக்குப் புண்ணுக்கு உரைகல்லில் இழைத்துத் தடவும் மாசிக்காய். அதுவும் பெயரளவில்தான் காய். மேற்கு ஆசியக் கருவாலி ஒன்றின் கிளையில் குளவி முட்டையிடுவதால் உண்டாகும் புடைப்பு அது.

இப்பேரினத்தைக் ‘கல் கருவாலி’ எனலாமே என்று தோன்றும். ஆனால் தமிழில் மரஞ்செடிப் பெயருக்கு முன் ‘கல்’ வந்தால், கல்மூங்கிலைப் போலக் கெட்டியானது என்றோ, கல்வாழையைப் போலப் பாறையில் வளர்வது என்றோதான் பொருள் கொள்வோம். இங்கே கல்லின் தன்மை காய்க்கு உரியது. ஆகவே ‘கற்காய்க் கருவாலி’ என்பதே பொருத்தம். கருவாலி என்ற பின்னொட்டிலும் சிறு குறை உண்டு: உண்மையான கருவாலியின் ஆண் பூங்கதிர்கள் தொங்கிக் காற்றில் மகரந்தத்தை உதிர்க்க, இதன் கதிர்களோ நிமிர்ந்து நின்று மணத்தால் பூச்சிகளை அழைக்கும். உறவு நெருக்கமானது என்பதால் அக்குறையைப் பொறுத்துக்கொள்ளலாம்.

மலேசிய மர வணிகத்தில் வழங்கும் ‘மெம்பெனிங்’ என்ற மலாய்ப் பெயரை மட்டும் இவ்வாறு மொழிபெயர்த்தல் கூடாது. அது கற்காய்க் கருவாலி, உண்மையான கருவாலி ஆகிய இரண்டின் மரத்தையும் ஒருசேரக் குறிப்பதால், வெட்டுமரத்தைப் பற்றி எழுதுவோர் அதை மெம்பெனிங் என்றே எழுதுவது நல்லது.