கிக் டிரம் ஏன் முன்னாலயே ஓடுது?

பெங்களூர் அல்சூர்ல நாங்க பிராக்டிஸ் பண்ற ரூம்ல வழவழன்னு கிரானைட் தரை. மூணாவது பாட்டு வர்றதுக்குள்ள கிக் டிரம் (டிரம் செட்ல காலால மிதிச்சு அடிக்கிற பெரிய டிரம்) அரை அடி தள்ளிப் போயிருக்கும், வாசிக்கிற தம்பி காலை நீட்டி நீட்டி எட்டி மிதிச்சுட்டு இருப்பான், ராத்திரி இடுப்பு வலின்னு படுத்துடுவான். முன்னால ரெண்டு செங்கல் வெச்சோம், செங்கல்லும் சேர்ந்து நகர்ந்துச்சு.

ஏன் முன்னால மட்டும் போகுது? பெடலை மிதிச்சா பீட்டர், அதாவது தோலை அடிக்கிற சின்ன சுத்தியல், முன்னால பாயுது இல்லையா, அந்த நேரத்துல எதிர்விசை டிரம்மைப் பின்னால தள்ளத்தான் செய்யுது, ஆனா அது நிதானமா வர்ற தள்ளு, தரையோட உராய்வு தாங்கிடும். பீட்டர் தோல்ல மோதுறது அப்படி இல்ல, கண் இமைக்கிறதுக்குள்ள முடிஞ்சு போற பலமான குத்து, அதை உராய்வால பிடிச்சு நிறுத்த முடியல. அதனால அடிக்கு அடி ஒரு மயிரிழை முன்னால. பீட்டரைத் தோல்லயே அழுத்தி வெச்சு வாசிக்கிறவங்களுக்கு காலோட தள்ளும் இதுல சேரும்.

நிறைய பேர் கிக்குக்கு அடியில மட்டும் சின்ன மேட் போடுறாங்க, அது மேட்டையும் இழுத்துட்டுப் போகும். பெரிய கார்பெட்டா விரிச்சு ஸ்டூலையும் அதே கார்பெட் மேல போடுங்க. கால் டிரம்மை எவ்வளவு முன்னால தள்ளுதோ அவ்வளவு உங்க உடம்பு ஸ்டூலைப் பின்னால தள்ளுது, ரெண்டும் ஒரே துணி மேல இருந்தா அந்தத் தள்ளு உள்ளுக்குள்ளயே தீர்ந்துடும். அதுக்கு மேல உங்க 60 கிலோ எடை கார்பெட்டைத் தரையோட அமுக்கிப் பிடிக்குது. எனக்கு இந்த விஷயத்துல ரொம்பப் பிடிச்சதே இதுதான், வாசிக்கிறவரோட எடையே டிரம்முக்கு ஆணி. கிக்கோட முன்காலை முன்பக்கம் சாய்ச்சு, ரப்பரைத் திருகி உள்ளிருக்கிற கூர்முனையை வெளிய எடுத்தா கார்பெட்ல நல்லா குத்திப் பிடிக்கும்.

அடுத்து ஸ்டூல், உண்மையில செட் பண்ண ஆரம்பிக்க வேண்டியதே இங்கிருந்துதான். மிருதங்கம் வாசிக்கிறவர் சம்மணம் போட்டு உட்கார்ந்தா கீழ அகலமான அஸ்திவாரம் இருக்கு, டிரம்மருக்கு ரெண்டு காலும் பெடல்ல வேலையா இருக்கு, உடம்பு பாரம் முழுக்க இடுப்பெலும்பு மேலதான். ஸ்டூல் தாழ்வா இருந்தா முட்டி இடுப்பை விட மேல ஏறி, இடுப்பு பின்னால சாய்ஞ்சு கீழ்முதுகு கூன் போட்டுடும், தம்பியோட வலிக்கு இதுவும் ஒரு காரணம். தொடை முட்டிப் பக்கமா லேசா இறங்கினா சரி. அப்படி உட்கார்ந்துட்டு கண்ணை மூடி ரெண்டு காலையும் இயல்பா விடுங்க, பாதம் எங்க விழுதோ அங்க பெடல் வரணும், நடுவுல ஸ்னேர் (குச்சியால அடிக்கிற சின்ன டிரம்), அதோட விளிம்பு தொடைக்குக் கொஞ்சம் மேல.

சிம்பல் (பித்தளைத் தட்டு) ஸ்டாண்டுக்கு ஒரே விஷயம்: ஸ்டாண்டோட நீண்ட கை எந்தப் பக்கம் நீளுதோ அதுக்கு நேர் கீழ ஒரு கால் இருக்கணும், இல்லன்னா எடை மூணு காலுக்கு வெளிய போய் சாய்ஞ்சுடும். மேல இருக்கிற நட்டை இறுக்கி முறுக்காதீங்க, சிம்பல் ஆடினாத்தான் அடியோட அதிர்வு வெளிய போகும், ஆட விடலன்னா நாளடைவுல விரிசல் விடும்.

எல்லாம் சரியா அமைஞ்ச அன்னிக்கு டிரம், ஸ்டாண்ட் எல்லாத்தோட ஒவ்வொரு காலையும் சுத்தி கார்பெட்ல கலர் டேப் ஒட்டிட்டோம், இப்ப வேற எங்க வாசிக்கப் போனாலும் அந்தக் கார்பெட்டையே சுருட்டி எடுத்துட்டுப் போறோம்.