ரொட்டிப் பூஞ்சைக்கு ஆரஞ்சு நிறம் எப்படி வருகிறது?

ஒரே பூஞ்சையை இருட்டில் வளர்த்தால் வெளுத்திருக்கிறது, வெளிச்சத்தில் ஆரஞ்சாகிறது, ஏன் என்று ஒரு கல்லூரி மாணவி கேட்டிருந்தார். அருமையான கேள்வி. இதற்கான விடையை நியூரோஸ்போரா கிராஸா என்ற ரொட்டிப் பூஞ்சையில் அக்குவேறு ஆணிவேறாகப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். 1941இல் அமெரிக்க விஞ்ஞானிகள் பீடிலும் டேட்டமும் மரபணுவையும் என்சைமையும் இணைத்துக் காட்டியது இதை வைத்துத்தான், 1958இல் நோபல் பரிசும் கிடைத்தது.

நிறமி என்னவோ கரோட்டினாய்டுதான், கேரட்டில் இருக்கும் அதே குடும்பம். அதைத் தயாரிக்கும் மரபணுக்கள் பூஞ்சையின் இழைகளில் நீல ஒளி பட்டால்தான் வேகமெடுக்கும். சிவப்பு ஒளிக்கு அந்த மரபணுக்கள் அசைவதே இல்லை, அதனால்தான் ஆய்வகத்தில் இருட்டு வளர்ப்புகளைச் சிவப்பு விளக்கில் கையாளுகிறார்கள்.

ஒளியைப் பார்ப்பது ஒயிட் காலர்-1 என்ற புரதம். அந்தப் புரதம் வேலைசெய்யாத பூஞ்சையைச் சோதனைக்குழாயில் வளர்த்தால் இழைகள் வெள்ளையாகவே நிற்கும், மேலே வித்துகள் மட்டும் ஆரஞ்சாக இருக்கும், ஏனென்றால் வித்துகள் நிறமி செய்ய வெளிச்சம் தேவையில்லை. வெள்ளைக் கழுத்துப்பட்டை போட்டது போன்ற அந்தத் தோற்றத்தால் வந்த பெயர் அது. புரதத்துக்குள் ஃபிளேவின் என்ற சிறு மூலக்கூறு ஒன்று உட்கார்ந்திருக்கிறது, வைட்டமின் பி2இலிருந்து வருவது. நீல ஒளி பட்டதும் அது பக்கத்திலிருக்கும் சிஸ்டீன் அமினோ அமிலத்தோடு பிணைந்துகொள்ள, புரதத்தின் வடிவம் மாறுகிறது, அப்படி மாறிய புரதங்கள் டிஎன்ஏமேல் ஒன்றோடொன்று சேர்ந்து நிறமி மரபணுக்களை முடுக்கிவிடுகின்றன. சில நிமிடங்களில் வேலை தொடங்கிவிடும்.

எனக்கு மிகவும் பிடித்தது இதற்கு அப்புறம் நடப்பதுதான். அதே ஒளி விவிட் என்ற இன்னொரு சிறு புரதத்தையும் தயாரிக்க வைக்கிறது. இதற்குள்ளும் ஃபிளேவின் உண்டு, இதுவும் ஒளி பட்டால் வடிவம் மாறும், மாறியதும் நேராகப் போய் ஒயிட் காலர்-1ஓடு ஒட்டிக்கொண்டு அந்தக் கூட்டணியைக் கலைத்துவிடும்! வெளிச்சம் அப்படியே தொடர்ந்தாலும் மரபணுக்களின் வேகம் குறைந்துவிடுகிறது, ஆனால் வெளிச்சம் இன்னும் கூடினால் மறுபடி எழும். விவிட் இல்லாத பூஞ்சை அடக்க ஆளில்லாமல் பளிச்சென்ற ஆரஞ்சில் வளரும். நரம்பே இல்லாத ஓர் உயிர், வெளிச்சம் இருக்கிறதா என்பதோடு நிற்காமல் எவ்வளவு மாறியது என்பதையும் அளக்கிறது.

பூஞ்சை ஆராய்ச்சிக்கெல்லாம் எதற்குப் பணம் என்று கேட்பவர்கள்மேல் எனக்குக் கோபமே வருகிறது. இந்த விவிட்டின் ஒரு துண்டை எடுத்துத்தான், பாலூட்டிகளின் செல்லில் வேண்டிய மரபணுவை நீல ஒளியால் இயக்கும் கருவியைச் செய்திருக்கிறார்கள். மருத்துவத்துக்கு என்று சொல்லி நிதி கேட்டிருந்தால், ரொட்டிப் பூஞ்சையின் நிறத்தை யார் தேடிப் போயிருப்பார்கள்?