எச்சிலில் தெரியும் புகையிலைக் கணக்கு

ஆலங்குளம் பக்கத்திலிருந்து கல்லூரி மாணவி ஒருவர் எழுதிக் கேட்டிருந்தார். அவருடைய தாயார் இருபது ஆண்டுகளாகப் பீடி சுற்றுகிறார். ஒரு நாளும் புகைத்ததில்லை, வெற்றிலையோடு புகையிலை போடும் வழக்கமும் இல்லை. தலைசுற்றல் என்று மருத்துவரிடம் போனபோது "புகையிலைப் பழக்கம் உண்டா?" என்று கேட்டிருக்கிறார், இவரும் இல்லை என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார். "அம்மா சொன்னது சரியான பதில்தானா? புகையிலைத் தூள் உடம்புக்குள் போகுமா? போனால் அதை அளக்க முடியுமா?" என்பது மாணவியின் கேள்வி.

போகும், அளக்கவும் முடியும். அளக்கும் விதம் அழகானது என்பதாலும், அதற்கு யார் பணம் தருகிறார்கள் என்பது அதைவிட முக்கியமானது என்பதாலும் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முக்கூடல், ஆலங்குளம், பாவூர்சத்திரம், கடையம், மேலப்பாளையம் என்று எந்த ஊருக்குப் போனாலும், மதியத்துக்கு மேல் திண்ணையில் மடியில் சுளகோடு, அதாவது முறத்தோடு, அமர்ந்திருக்கும் பெண்களைப் பார்க்கலாம். முந்தின நாளே நனைத்து ஈரச் சாக்கில் சுற்றி வைத்த பீடி இலையைத் தகட்டளவுக்குக் கத்தரித்து, ஒரு சிட்டிகைத் தூளை வைத்து உருட்டி, நூலால் கட்டி, வாயை நகத்தால் மடக்கி முடிக்க அவர்களுக்குச் சில நொடிகள் போதும். ஒரு பீடிக்குள் இருக்கும் தூள் கால் கிராமுக்கும் குறைவு. சிகரெட்டில் அதைப்போல மூன்று மடங்கு இருக்கும். "பீடியில் என்ன இருக்கிறது, ஒரு சிட்டிகைதானே, அதுவும் காட்டு இலை" என்று நம் ஊரில் சொல்லிக்கொள்வது இந்தக் கணக்கை வைத்துத்தான். இது பாதியில் நின்றுபோன கணக்கு.

மீதிக் கணக்கை முதலில் ஓர் இயந்திரத்தை வைத்துத்தான் போட்டார்கள். 1960களில் அமெரிக்காவில் முறைப்படுத்தப்பட்ட புகைக்கும் இயந்திரம் சிகரெட்டைக் கண்ணாடிக் குழாயில் பொருத்திக்கொண்டு, நிமிடத்துக்கு ஒரு முறை, இரண்டு நொடி நேரம், 35 மில்லிலிட்டர் புகையை இழுக்கும். வழியில் உள்ள கண்ணாடி இழை வட்டில் படிவதை எடைபோட்டு, அதிலிருந்து நீரையும் நிகோடினையும் கழித்தால் எஞ்சுவது தார். இதே இயந்திரத்தில் பீடியைப் பொருத்தினால் அது அணைந்துவிடும். சிகரெட் காகிதத்தில் நுண்துளைகள் உண்டு, தொடர்ந்து கனன்றுகொண்டிருக்க உதவும் உப்புகளும் சேர்க்கப்பட்டிருக்கும். பீடி இலைக்கு இந்த இரண்டும் கிடையாது. ஆகவே பீடி அணையாமல் இருக்க வேண்டுமானால் நிமிடத்துக்கு இரண்டு முறையாவது இழுத்தாக வேண்டும். பஸ் நிறுத்தத்தில் பீடி பிடிக்கும் பெரியவரைச் சற்று கவனித்தால் தெரியும், பேச்சில் மூழ்கினாரானால் மறுபடி தீப்பெட்டியைத் தேடுவார். தூள் குறைவு என்று மிச்சப்பட்டதெல்லாம் இழுப்பின் எண்ணிக்கையில் செலவாகிவிடுகிறது. இந்தியா முழுவதும் 11 லட்சம் வீடுகளில் நடந்த இறப்பு ஆய்வு ஒன்றின் முடிவுகள் 2008இல் வெளிவந்தன. பீடி புகைக்கும் ஆண்கள் சராசரியாக 6 ஆண்டுகளும் பெண்கள் 8 ஆண்டுகளும் ஆயுளை இழக்கிறார்கள் என்று அது கணக்கிட்டது.

இயந்திரத்துக்கு வேறொரு குறையும் இருந்தது: அதை ஏமாற்ற முடிந்தது. சிகரெட்டின் வடிகட்டியைச் சுற்றி ஊசி முனையளவு துளைகளை வரிசையாக இட்டுவிட்டால், இழுக்கும்போது வெளிக்காற்றும் கலந்து புகை நீர்த்துப்போகும், தார் அளவும் குறைவாகப் பதிவாகும். மனிதன் இழுக்கும்போதோ அந்தத் துளைகளை உதடும் விரலும் மூடிவிடுகின்றன. மூடாவிட்டாலும், பழகிய அளவு நிகோடின் கிடைக்கும்வரை அவன் ஆழமாகவும் அடிக்கடியும் இழுத்துக்கொள்கிறான். 'லைட்' என்ற பெயரில் பல ஆண்டுகள் விற்பனையானவை இவைதாம். நிறுவனங்கள் இதை அறிந்தே விற்றன என்று 2006இல் அமெரிக்க நீதிமன்றம் ஒன்று தீர்ப்பளித்தது. அந்த இயந்திர அளவீட்டுக்கு அளித்திருந்த ஒப்புதலை 2008இல் அந்நாட்டு வணிக ஆணையமும் திரும்பப் பெற்றது.

இயந்திரத்தை நம்ப முடியாது என்றால் உடலையே கேட்டுவிடலாம். எனக்கு மிகவும் பிடித்த பகுதி இதுதான்.

நுரையீரல், வாய், தோல் ஆகிய எந்த வழியாக நுழைந்தாலும் நிகோடின் இரத்தத்தில் கலந்து கல்லீரலுக்குப் போய்ச் சேர்கிறது. அங்குள்ள ஒரு நொதி அதைப் பிடித்து ஆக்சிஜனைச் சேர்த்து, கோட்டினின் என்னும் வேறொரு பொருளாக மாற்றுகிறது. உடலுக்குள் வரும் நிகோடினில் 70 முதல் 80 விழுக்காடு இவ்வாறு மாறிவிடுகிறது. இரத்தத்தில் உள்ள நிகோடின் பாதியாகக் குறைய ஏறத்தாழ 2 மணி நேரம் ஆகும். கோட்டினின் பாதியாகக் குறைய 16 மணி நேரம் ஆகும்.

இந்த வேறுபாட்டின் அருமை தாமிரபரணிப் பாசனத்தில் வளர்ந்தவர்களுக்கு உடனே விளங்கும். நேற்றிரவு வாய்க்காலில் எவ்வளவு தண்ணீர் வந்தது என்பதைக் காலையில் வாய்க்காலைப் பார்த்துச் சொல்ல முடியாது. மடையை அடைத்திருந்தால் அது வறண்டே கிடக்கும். குளத்தைப் பார்த்தால் சொல்லிவிடலாம். நிகோடின் வாய்க்கால், கோட்டினின் குளம். எண்களாகவே பாருங்கள். 24 மணி நேரத்தில் நிகோடின் 12 முறை பாதியாகிறது, அதாவது 4096இல் ஒரு பங்கே எஞ்சும். அதே 24 மணி நேரத்தில் கோட்டினின் பாதியாவது ஒன்றரை முறைதான், எனவே மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேலாகவே இருக்கும். மூன்று நான்கு நாள் கழித்தும் அது இரத்தத்திலும் சிறுநீரிலும் எச்சிலிலும் அகப்படுகிறது. ஊசி குத்தவே வேண்டியதில்லை, ஒரு பஞ்சுத் துண்டை வாயில் சிறிது நேரம் அடக்கி எடுத்துக் கொடுத்தால் போதும். நாள்தோறும் புகைப்பவரின் எச்சிலில் ஒரு மில்லிலிட்டருக்கு நூற்றுக்கணக்கான நானோகிராம் கோட்டினின் இருக்கும். பிறர் விடும் புகையைச் சுவாசிப்பவரிடம் பெரும்பாலும் 10க்குக் கீழே இருக்கும். "நான் விட்டு ஆறு மாதம் ஆகிறது" என்று சொல்பவரை இந்தச் சோதனை மரியாதையாகவே காட்டிக்கொடுத்துவிடும்.

சட்டங்களுக்கு இந்தக் குளம் எப்படிப் பயன்படுகிறது என்பதற்கு ஸ்காட்லாந்து நல்ல எடுத்துக்காட்டு. 2006 மார்ச்சில் அங்கே மூடிய பொது இடங்களில் புகைப்பது தடை செய்யப்பட்டது. வெளியில் புகைக்க முடியாதவர்கள் வீட்டில் புகைப்பார்கள், பிள்ளைகள்தாம் பாதிக்கப்படுவார்கள் என்ற எதிர்வாதம் எழுந்தது. கேட்பதற்கு நியாயமான வாதம்தான். தடைக்கு முன்னும் பின்னும் தொடக்கப்பள்ளியின் கடைசி வகுப்புப் பிள்ளைகளின் எச்சிலை எடுத்துப் பார்த்ததில், புகைக்காத பிள்ளைகளின் சராசரிக் கோட்டினின் அளவு 39 விழுக்காடு குறைந்திருந்தது. வாதம் அத்துடன் வலுவிழந்தது. அந்தப் பிள்ளைகளின் எச்சிலைத் தடைக்கு முன்பே எடுத்து வைக்க ஒருவர் பணம் ஒதுக்கியிருந்தார் என்பதைத்தான் நான் கவனிக்கிறேன். தடை வந்தபிறகு நிதி கேட்டிருந்தால், ஒப்பிட்டுப் பார்க்க முந்தைய அளவு இருந்திருக்காது.

பணம் எங்கிருந்து வருகிறது என்பது முடிவையும் மாற்றிவிடுகிறது. 1954 ஜனவரி 4 அன்று அமெரிக்கப் புகையிலை நிறுவனங்கள் நானூறுக்கும் மேற்பட்ட நாளிதழ்களில் விளம்பரம் கொடுத்து, புகைப்பதன் விளைவுகளை ஆராயத் தாங்களே ஒரு குழுவை அமைத்து நிதி தருவதாக அறிவித்தன. அடுத்த சில பத்தாண்டுகளுக்கு அந்தப் பணம் ஐயத்தை வளர்க்கவே பயன்பட்டது. பிறர் விடும் புகையைப் பற்றிய 106 மீளாய்வுக் கட்டுரைகளை இரண்டு ஆய்வாளர்கள் அலசி 1998இல் ஒரு கணக்கை வெளியிட்டார்கள். அவற்றில் 39 கட்டுரைகள் தீங்கில்லை என்று முடித்திருந்தன. அந்த 39இல் 29ஐ எழுதியவர்களுக்குப் புகையிலைத் தொழிலோடு தொடர்பு இருந்தது. இந்தியா 2004இல் ஏற்றுக்கொண்ட உலகப் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கையின் 20ஆவது பிரிவு ஆராய்ச்சியை வளர்க்கும் கடமையை நாடுகளுக்கு விதிப்பதும், 5ஆவது பிரிவின் மூன்றாம் உட்பிரிவு கொள்கை வகுப்பதைத் தொழிலின் செல்வாக்கிலிருந்து காக்கச் சொல்வதும் இந்த வரலாற்றின் விளைவுதான். பொதுப்பணத்தில் ஆராய்ச்சி எதற்கு, தொழில் நடத்துபவர்களே செய்துகொள்ளட்டும் என்று பேசுகிறவர்களிடம் 106, 39, 29 என்ற மூன்று எண்களை எழுதிக் கொடுத்துவிடலாம்.

இனி அந்தத் தாயாரின் விஷயம். பீடித் தொழிலில் இருப்பவர்களின் சிறுநீரில் கோட்டினின் கூடுதலாக இருப்பதை மும்பை ஆய்வாளர்கள் 1990களின் தொடக்கத்திலேயே எழுதியிருக்கிறார்கள். தூள் மூச்சோடு போகிறது. நிகோடின் தோல் வழியாகவும் போகிறது, தோல் ஈரமாக இருந்தால் இன்னும் எளிதாகப் போகிறது. புகையிலைத் தோட்டங்களில் பனியில் நனைந்த இலையைப் பறிப்பவர்களுக்கு வாந்தியும் தலைசுற்றலும் வருவது இதனால்தான். ஈர இலையையும் உலர்ந்த தூளையும் ஒரே விரல்களால் நாள் முழுவதும் தொடுகிறவர் "பழக்கம் இல்லை" என்று சொன்னது உண்மைதான், ஆனால் முழுப் பதில் ஆகாது. "பழக்கம் இல்லை, பீடி சுற்றுகிறேன்" என்று மருத்துவரிடம் சேர்த்துச் சொல்லச் சொல்லுங்கள். தலைசுற்றலுக்கு இரத்தச்சோகை முதல் இரத்த அழுத்தம் வரை எத்தனையோ காரணங்கள் இருக்கலாம். எதையும் நான் இங்கிருந்தபடி முடிவுசெய்ய முடியாது.

கோட்டினினுக்கும் ஒரு குறை உண்டு. நிகோடின் எந்த வழியாக வந்தது என்பதை அது சொல்லாது. புகைத்தாலும், மென்றாலும், சுற்றினாலும், கணவர் திண்ணையில் அமர்ந்து புகைத்தாலும் எல்லாம் ஒரே குளத்தில்தான் சேரும். மூச்சில் உள்ள கார்பன் மோனாக்சைடையும் உடன் அளந்தால் ஓரளவு பிரித்தறியலாம், ஏனென்றால் புகையிலையிலிருந்து அது வருவது எரியும்போது மட்டுமே. ஆனால் விறகடுப்பில் சமைக்கும் வீடுகளில் அந்தக் கருவியும் குழம்பிவிடும்.

1976ஆம் ஆண்டின் சட்டப்படி, உற்பத்தியாகும் ஒவ்வோர் ஆயிரம் பீடிக்கும் ஒரு சிறு தீர்வை வசூலித்து, அந்த நிதியிலிருந்து இந்தத் தொழிலாளர்களுக்கு மருத்துவம், பிள்ளைகளின் கல்வி உதவித்தொகை, வீடு ஆகியவற்றுக்குச் செலவு செய்தார்கள். 2017இல் சரக்கு சேவை வரி வந்தபோது அந்தத் தீர்வை எடுக்கப்பட்டது. சிகிச்சைக்குப் பணம் ஒதுக்கிய அந்த மனநிலை அளப்பதற்கும் சேர்த்து ஒதுக்கியிருக்க வேண்டும் என்பது என் கருத்து. புகைப்பவரின் உடலை அளந்து வரியும் எச்சரிக்கைப் படமும் தீர்மானிக்கும் அரசு, சுற்றுபவரின் உடலையும் அளந்தால்தான் மாற்றுத்தொழில் பற்றிய பேச்சுக்கு எடை வரும். அந்த மாற்றுத்தொழிலையும் அதே உடன்படிக்கையின் 17ஆவது பிரிவு கேட்கிறது. சுற்றுகிற பெண்களுக்குப் பீடியை நிறுத்தச் சொல்லும் சட்டத்தைக் கண்டாலே அச்சம், கூலி போய்விடும் என்று. அந்த அச்சத்தில் நியாயம் இருக்கிறது.

அளப்பதற்குப் பெரிய ஆய்வுக்கூடம் எதுவும் ஊருக்குள் வர வேண்டியதில்லை. ஊரில் அம்மன் கோயில் கொடை விழா நடக்கும்போது இரண்டு நாளாவது யாரும் சுளகைத் தொடமாட்டார்கள். கொடைக்கு முந்தின மாலை, பீடிக்கடையில் கட்டுகளைக் கணக்குக் கொடுத்துவிட்டு வரும்போது ஒரு முறை எச்சிலை எடுக்க வேண்டும். 48 மணி நேரம் கழித்து, தூளை மறுபடி தொடுவதற்கு முன் மறுபடி எடுக்க வேண்டும். 48 மணி நேரத்தில் கோட்டினின் மூன்று முறை பாதியாகும். முதல் அளவில் எட்டில் ஒரு பங்கை ஒட்டி வந்திருந்தால், வந்த வழி சுளகுதான். அவ்வளவு குறையாமல் நின்றால், வீட்டில் யார் புகைக்கிறார்கள் என்று அடுத்ததாகக் கேட்க வேண்டும். இதற்கு வேண்டியவை பஞ்சுத் துண்டுகளும், மூடியிட்ட சிறு குழாய்களும், எச்சிலைக் கெடாமல் ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டுசெல்ல ஒரு குளிர்ப்பெட்டியும்தான்.