நோய்க்காரணியா, இடர்க்காரணியா?

உணவுக்குழாய்ப் புற்றுநோய் பற்றிய துண்டறிக்கைகளில் 'நோய்க்காரணிகள்: புகையிலை, மது, சூடான பானம், கருவாடு' என்று ஒரே மூச்சில் அடுக்கிவிடுகிறார்கள். இதில் தலைப்புச் சொல்லே தவறு.

மூலச் சொல் 'ரிஸ்க் ஃபேக்டர்'. 1961இல் அமெரிக்காவின் ஃபிரேமிங்காம் இதயநோய் ஆய்வுக்கட்டுரை அதைப் பரவலாக்கியது. நோய் வரும் சாத்தியத்தைக் கூட்டுவது என்பதே பொருள்.

நோய்க்காரணி என்பது கிருமிக்கு உரிய சொல். காலராவுக்கு அதன் பாக்டீரியா நோய்க்காரணி. அது இல்லாமல் காலரா இல்லை. அதே சொல்லைப் போயிலைக்கும் போட்டால் என்ன ஆகும்? நாற்பது வருஷமாக வெற்றிலையோடு போயிலை போடும் தொண்டிப் பெரியவரைக் காட்டி, "இவருக்கு ஒண்ணும் வரலையே" என்று அறிக்கையையே ஒதுக்கிவிடுவார்கள். சொல்தான் அவர்களுக்கு அந்தப் பிடியைக் கொடுத்தது. 'வாய்ப்புக் காரணி' என்பாரும் உண்டு; புற்றுநோயை யாராவது வாய்ப்பு என்பார்களா? 'ஆபத்து' கண்முன் வந்து நிற்பதைச் சொல்லும். 'இடர்' அப்படியல்ல. பாம்பனில் புயல் கூண்டு ஏற்றிய நாளில் கடலுக்குப் போன வள்ளமெல்லாம் கவிழ்வதில்லை. ஆனாலும் போகாதே என்கிறோம். அந்தக் கணக்குத்தான் இடர்க்காரணி.

அடைமொழியை விழுங்குவது மொழிபெயர்ப்பாளர்களின் இன்னொரு பிழை. உலக சுகாதார நிறுவனத்தின் பன்னாட்டுப் புற்றுநோய் ஆய்வு முகமை 2016இல் சொன்னது 'மிகச் சூடான பானம்', அதாவது 65 டிகிரி செல்சியசுக்கு மேல். அதையும் 'அநேகமாகப் புற்றுநோய் உண்டாக்கக்கூடியது' என்ற அளவிலேயே சொன்னது. குற்றம் டீயில் இல்லை. கொதிக்கக் கொதிக்க கிளாசில் வாங்கி அப்படியே உறிஞ்சுவதில் இருக்கிறது. இரண்டு டம்ளரில் நாலைந்து முறை ஆற்றி, வெதுவெதுப்பாகக் குடித்தால் போதும். 'ஆற்றி' என்ற அருமையான சொல் நம்மிடம் இருந்தும் எந்த அறிக்கையிலும் காணோம்.

கருவாடு வந்த கதை இன்னும் மோசம். முகமை குறித்தது சீன முறையில் உப்பிட்ட மீனை. அதுவும் மூக்குத்தொண்டைப் புற்றுக்கு. உறுப்பையும் பண்டத்தையும் மாற்றி எழுதி, ராமேஸ்வரம் முதல் மூக்கையூர் வரை கருவாடு காயவைப்பவர் பிழைப்பில் கை வைக்கிறார்கள். பாக்கையோ விட்டுவிடுகிறார்கள். போயிலை சேர்க்காத வெற்றிலை பாக்கும் உணவுக்குழாய்ப் புற்றுக்கு இட்டுச்செல்லும் என்பது உறுதியான முடிவு.

உணவுக்குழாய்ப் புற்றின் வகையையும் பிரித்துச் சொல்ல வேண்டும். உள்சுவரின் தட்டையான செல்களில் தொடங்குவது செதிள்செல் வகை; சுரப்பிச் செல்களில் தொடங்குவது சுரப்பிசெல் வகை. அறிக்கையில் இப்படி எழுதலாம்: 'செதிள்செல் வகைக்கு இடர்க்காரணிகள்: புகையிலை, மது (இரண்டும் சேர்ந்தால் இடர் பன்மடங்கு), பாக்கு, காய்கனி குறைந்த சாப்பாடு. சுரப்பிசெல் வகைக்கு: உடற்பருமன், நாள்பட்ட நெஞ்செரிச்சல், புகைபிடித்தல். சோறு விழுங்கும்போது சிக்கினால் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.'