கிராபீன்: பென்சில் கரியும் பாலேடும்

இயற்பியல்ல கிராபீன் பக்கம் வேலை பாக்குற ஒருத்தரோட ஆராய்ச்சிக் கட்டுரை லிஸ்ட்ட எடுத்தா ரெண்டு வார்த்தை விடாம வந்துட்டே இருக்கும், ஒண்ணு கிராபீன் (பென்சில் குச்சியில இருக்கற கிராபைட்ல இருந்து உரிச்ச, ஒரே அணு தடிமன் அடுக்கு), இன்னொண்ணு போட்டானிக்ஸ் (ஒளிய வச்சு வேலை செய்யற நுட்பம்). கேம்பிரிட்ஜ்ல இருக்கற ஆந்திரேயா ஃபெராரியோட லிஸ்ட்டே நல்ல உதாரணம். 2006ல ராமன் நிறமாலைய (பொருள் மேல பட்டு சிதறி வர்ற வெளிச்சத்தோட நிறப் பிரிவு) வச்சு கிராபீன் எத்தன அடுக்குன்னு எண்ணலாம்னு ஒரு பேப்பர், 2010ல கிராபீன் போட்டானிக்ஸ் பத்தி ஒரு பெரிய தொகுப்புக் கட்டுரை. (ராமன்னா நம்ம சி.வி.ராமன் தான், திருச்சிப் பக்கம் பொறந்தவர்.) இத தமிழ்ல எழுத உக்காந்தா முதல் வரியிலயே மாட்டிக்குவோம், கிராபீனுக்கு தமிழ் என்ன?

மொதல்ல கிராபைட். 1789ல வெர்னர்ங்கற ஜெர்மன் கனிமவியலாளர் வச்ச பேரு, கிரேக்கத்துல எழுதறதுக்கான வினைச்சொல்ல இருந்து எடுத்தது. அதாவது எழுதற கல்லு. அதுக்கு முன்னாடி இங்கிலாந்துல அத கருப்பு ஈயம்னு தான் சொன்னாங்க, ஈயத்துல ஒரு வகைன்னே நெனச்சிருந்தாங்க, 1779ல ஷீலேங்கற சுவீடன் வேதியியலாளர் அது கரிமம்னு காட்டினப்புறமும் அந்தப் பேரு போகல, பென்சில் குச்சிய இன்னிக்கும் லெட்னு தான சொல்றோம். தமிழ்லயும் அதே கூத்து தான். கார் + ஈயம் = காரீயம், பழைய வழக்குல அது நெஜ ஈயம் (தகரத்துக்கு வெள்ளீயம்). ஆனா இலங்கைத் தமிழ்ல காரீயம்னா கிராபைட், அங்க கஹட்டகஹ, போகலன்னு ரெண்டு ஊரு சுரங்கங்கள்ல எடுக்கறது அது தான். ஒரே சொல்லு ஒரு எடத்துல உலோகம், இன்னொரு எடத்துல கரி. அதனால காரீயத்த வச்சு கிராபீனுக்கு பேரு கட்டாதீங்கன்னு தான் சொல்வேன்.

சரி, கிராபீன்? 1986ல பேம்ங்கற ஜெர்மன் வேதியியலாளரும் கூட இருந்தவங்களும் கிராபைட்ல ஒரே ஒரு அடுக்க மட்டும் சொல்ல ஒரு பேரு வேணும்னு வச்சது. முன்பாதி கிராபைட்ல இருந்து, பின்னாடி இருக்கற ஈன், அந்துருண்டையில இருக்கற நாப்தலீன்ல வருதே அதே ஈன், ஏன்னா ரெண்டுலயும் கரிம அணுக்கள் அறுகோணம் அறுகோணமா ஒட்டிட்டு இருக்கும். கவனிங்க, பேரு வந்தது 1986, மான்செஸ்டர்ல கெய்மும் நொவொசெலோவும் செலோடேப் ஒட்டி ஒட்டிப் பிரிச்சு அந்த ஒத்த அடுக்க தனியா எடுத்துக் காட்டினது 2004 (நோபல் 2010). புள்ள பொறக்கறதுக்கு 18 வருஷம் முன்னாடியே பேரு வச்சாச்சு!

அந்த செலோடேப் வேலைய பாத்தா எனக்கு ஞாபகம் வர்றது ஆறின பால் மேல படியற ஆடை தான், விரல்ல தொட்டு மெல்ல தூக்கினா அப்படியே மடிஞ்சு ஒட்டிட்டு வருமே, பாலேடு. ஏடுன்னா மேல படிஞ்ச மெல்லிசு அடுக்கு, எழுதற ஓலையும் ஏடு தான். எழுதற கல்லுல இருந்து உரிச்ச ஒத்த அடுக்குக்கு இதவிட பொருத்தமா என்ன வேணும், கரியேடு! இது நானா கட்டினது தான், அகராதியில தேடாதீங்க. அடுக்குக்கு அடுக்கு இடைவெளி 0.335 நானோமீட்டர், அப்ப ஒரு மில்லிமீட்டர் கிராபைட்ல கிட்டத்தட்ட 30 லட்சம் ஏடு இருக்கு.

போட்டானிக்ஸ் அவ்ளோ கஷ்டம் இல்ல. எலக்ட்ரான் மின்னணு, எலக்ட்ரானிக்ஸ் மின்னணுவியல், அதே அச்சுல போட்டான் (ஒளியோட துகள்) ஒளியணு, போட்டானிக்ஸ் ஒளியணுவியல். ஒளியியல்னு மட்டும் எழுதிடாதீங்க, அது லென்ஸ் கண்ணாடியெல்லாம் சேந்த பழைய ஆப்டிக்ஸ்.

ரெண்டும் ஏன் ஜோடியா வருதுன்னா, ஒரே அணு தடிமன்ல இருந்துட்டு இந்த ஏடு தன் மேல விழற வெளிச்சத்துல 2.3% முழுங்கிடும், அதுவும் சிவப்பு நீலம்னு பாக்காம கண்ணுக்குத் தெரியற எல்லா நிறத்துலயும் ஏறக்குறைய அதே அளவு (2008ல மான்செஸ்டர்ல அளந்தாங்க). அகச்சிவப்புல இன்னொரு வசதி, மின்னழுத்தம் குடுத்தா முழுங்கறத நிறுத்திடும், வெளிச்சம் பாட்டுக்கு போகும். மின்னழுத்தம் குடுத்தா திறப்பு, விட்டா மூடல்னு ஒளிக்கு ஒரு கதவு கெடச்ச மாதிரி. 2011ல பெர்க்லியில சிலிக்கான் ஒளிப்பாதை மேல இத விரிச்சு வெறும் 25 சதுர மைக்ரான்ல ஒரு மாடுலேட்டரே (வெளிச்சத்த கூட்டிக் குறைச்சு சேதி ஏத்தற கருவி) செஞ்சுட்டாங்க, தமிழ்ல ஒளிப் பண்பேற்றி.

கரியேடுல சிக்கல் இல்லாம இல்ல. கிராபீன் ஆக்சைடுன்னு வந்தா கரியேட்டு ஆக்சைடுன்னு எழுதணும், வாய்க்கு வரல, அங்க நான் கிராபீன்னே விட்டுடுவேன். ஆனா ரெண்டு அடுக்கு கிராபீன்னு வரும்போது பாருங்க, ஈரேடு! 2018ல எம்.ஐ.டி.யில ஒரு ஏட்டு மேல இன்னொரு ஏட்ட 1.1 டிகிரி திருப்பி வச்சு, நல்லா குளிர வச்சதும் மீக்கடத்தியா (மின்சாரம் தடையே இல்லாம ஓடற பொருளா) மாறிடுச்சே, அதுக்கு முறுக்கிய ஈரேடுன்னு எழுதினேன், படிச்ச பிசிக்ஸ் ஃப்ரெண்டு ஒருத்தன் இங்கிலீஷ்ல என்னன்னு கேக்கவே இல்ல.