படத்துக்காகச் சண்டை போடுங்கள், சிறுநீர் கறுத்தால் இளநீரோடு உட்காராதீர்கள்

மறுபடியும் ஒரு பையன். கல்லூரி இரண்டாம் ஆண்டு, கடலூர் பக்கம். இரண்டு கைகளும் முழங்கையில் மடங்கியபடியே நிற்கின்றன, நீட்ட முடியவில்லை. சட்டையை அவன் அம்மாதான் கழற்றிவிட்டார். மேல்கைகள் வீங்கி, தொட்டால் கட்டையாக இருந்தன. இரண்டு நாளாக யூரின் டிகாஷன் நிறத்தில் போகிறதாம். என்ன செய்தாய் தம்பி என்று கேட்டேன். "முந்நூறு பண்ணினேன் சார்" என்றான். அந்த வலியிலும் குரலில் கொஞ்சம் பெருமை.

அடையாளம் தெரியாமல் இருக்க விவரங்களைக் கொஞ்சம் மாற்றியிருக்கிறேன். இப்படி வந்தவர்களில் இவன் முதல் ஆள் இல்லை. புதுச்சேரியில் பொது மருத்துவனாக இருக்கும் எனக்கு, கல்லூரி விடுமுறையும் வெயிலும் சேர்ந்து வரும் மாதங்களில் இந்தக் கதை மனப்பாடம் ஆகிவிட்டது. சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டதால் எழுதுகிறேன்.

முந்நூறு என்றால் '300' என்ற ஹாலிவுட் படத்தின் பெயரில் சுற்றும் ஓர் உடற்பயிற்சி. படம் ஸாக் ஸ்னைடர் இயக்கியது, 2007 மார்ச்சில் அமெரிக்கத் தியேட்டர்களுக்கு வந்தது. ஃபிராங்க் மில்லரும் லின் வார்லியும் 1998ல் கொண்டுவந்த சித்திரக்கதையை வைத்து எடுத்தார்கள். கி.மு. 480ல் தெர்மோபிலே கணவாயில் பாரசீகப் பெரும்படையை, கிரேக்க நகர அரசான ஸ்பார்ட்டாவின் அரசன் லியோனிடஸ் மறித்து நின்ற போர்தான் கதை. இந்தப் பையன்கள் தொட்டிலில் கிடந்த காலத்துப் படம். ரீல்ஸ் புண்ணியத்தில் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

பையனைப் பார்க்க வந்த நண்பர்கள் இரண்டு பேர் கட்டில் பக்கத்திலேயே தகராறு ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவன், அந்த உடம்பெல்லாம் சுத்த கிராஃபிக்ஸ், வயிற்றுக் கட்டு முழுக்க கம்ப்யூட்டரில் வரைந்தது என்கிறான். இன்னொருவன், அத்தனையும் நிஜம், இந்த முந்நூறு பயிற்சியால் வந்தது என்கிறான். டிரிப்ஸ் ஏறிக்கொண்டிருந்தவனும் தலையைத் தூக்கிச் சேர்ந்துகொண்டான். கடைசியில் சிஸ்டர் வந்து இரண்டு பேரையும் வெளியே அனுப்பினார்.

வந்த நாளிலிருந்தே ஊரை இரண்டாக்கிய படம் அது. ஒவ்வொரு ஃபிரேமும் ஓவியம், ஈட்டி பாயும்போது மெதுவாகி அடுத்த கணம் வேகமெடுக்கும் சண்டை மாதிரி அதுவரை பார்த்ததில்லை என்று ஒரு கூட்டம். மாண்ட்ரியலில் ஸ்டுடியோவுக்குள், பெரும்பாலும் நீலத் திரைக்கு முன்னால் நடிக்கவைத்து, பின்னணியை அப்புறம் கம்ப்யூட்டரில் சேர்த்தார்கள் என்பதால் அந்த ஓவியத்தனம். வெறும் கத்தல், வெறும் தசை, கதை எங்கே என்று இன்னொரு கூட்டம். பாரசீகர்களை அரக்கர்களாகக் காட்டியதற்கு ஈரானில் அரசே எதிர்ப்புத் தெரிவித்தது. வரலாறு படித்தவர்களுக்கு வேறு கோபம். ஸ்பார்ட்டா வீரர்கள் வெறும் உடம்போடு போருக்குப் போகவில்லை, மார்புக் கவசம், தலைக்கவசம், கணைக்கால் கவசம் எல்லாம் உண்டு. கடைசி நாளில் முந்நூறு பேர் மட்டும் நிற்கவும் இல்லை, தெஸ்பியா ஊர்க்காரர்கள் 700 பேர் கூட நின்று செத்தார்கள். அவர்களுக்குத்தான் யாரும் படம் எடுக்கவில்லை.

ரசிகர்கள் இதற்கு வைத்திருக்கும் பதில் மோசமில்லை. படம் முழுவதையும் ஒரு ஸ்பார்ட்டா வீரன், தன் ஆட்களை அடுத்த போருக்கு உசுப்பேற்றுவதற்காகச் சொல்லும் கதையாகத்தான் வைத்திருக்கிறார்கள். சொல்கிறவன் ஊதித்தான் சொல்வான். எனக்கு அது சரியென்றே படுகிறது. ஆடி மாதம் திரௌபதி அம்மன் கோயில் கூத்தில் துரியோதனன் கிரீடமும் புஜகீர்த்தியும் கட்டிக்கொண்டு வந்தால், இதென்ன அளவு என்று யாரும் கேட்பதில்லை. அதே சமயம், விடிந்ததும் வீட்டுக்குப் போய்த் தன் தோளில் அப்படி ஒன்று முளைக்கவேண்டும் என்று யாரும் தண்டால் எடுப்பதும் இல்லை. பிரச்சினை அங்கேதான்.

என் சொந்தக் கடுப்பு ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். பாரசீகர்களுக்கு மலைப்பாதையைக் காட்டிக்கொடுத்த எஃபியால்டஸை அந்தப் படத்தில் கூன் விழுந்த, உடல் கோணிய மனிதனாக வைத்திருக்கிறார்கள். அந்தப் போரைப் பதிவுசெய்த கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் எழுதியதில் அப்படி எதுவும் கிடையாது. பணத்துக்கு ஆசைப்பட்ட உள்ளூர்க்காரன், அவ்வளவுதான். முதுகெலும்பு வளைந்த பிள்ளைகளைத் தினமும் பார்க்கிறவர்களுக்கு இந்த மாதிரி வில்லன்கள் எரிச்சல்தான். சரி, விஷயத்துக்கு வருவோம்.

அந்த உடம்பு நிஜமா, கிராஃபிக்ஸா? கட்டில் பக்கத்தில் அடித்துக்கொண்ட இரண்டு பேரும் பாதிப் பாதி சரி. தசையைக் கம்ப்யூட்டரில் ஒட்டவில்லை. மலையேற்றக்காரரான மார்க் ட்வைட் என்ற பயிற்சியாளர், படப்பிடிப்புக்கு முன்னால் வாரக்கணக்கில் நடிகர்களைப் பிழிந்தெடுத்தார். அவர்களுக்கு அதுதான் வேலை, அதற்குத்தான் சம்பளம். அதற்கு மேல் வயிற்று மடிப்புகளில் மேக்கப் தூரிகையால் நிழல் தீட்டினார்கள். விளக்கை அதற்குத் தோதாக வைத்தார்கள். படம் முடிந்த பிறகு கறுப்பை இன்னும் கறுப்பாக, வெளிச்சத்தை இன்னும் வெளிச்சமாக ஆக்கினார்கள். பள்ளம் ஆழமாகத் தெரியாமல் என்ன செய்யும்? இது போக, பொதுவாகவே சட்டையில்லாத காட்சிக்கு முன் தண்ணீரைக் குறைத்துக்கொள்ளும் வழக்கமும் அந்தத் தொழிலில் இருக்கிறது. வேறு படங்களின் நடிகர்களான ஹியூ ஜாக்மனும் ஹென்றி கேவிலும் தாங்கள் அப்படிச் செய்ததை வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்கள். பக்கத்தில் ஆள் வைத்துக்கொண்டு, ஒரு நாள் ஷூட்டிங்குக்காகச் செய்வது அது. மே மாதம் தேவனாம்பட்டினம் கடற்கரையில் செய்வதற்கில்லை.

இப்போது அந்த முந்நூறு. 25 புல்-அப்ஸ், 61 கிலோ எடையைத் தரையிலிருந்து தூக்கி நிமிரும் டெட்லிஃப்ட் 50, 50 புஷ்-அப்ஸ், 24 அங்குலப் பெட்டிமேல் 50 தாவல், படுத்தபடி அதே 61 கிலோவை மேலே பிடித்துக்கொண்டு கால்களை இரண்டு பக்கமும் வீசுவது 50, 16 கிலோ கெட்டில்பெல்லை (கைப்பிடி வைத்த இரும்புக் குண்டு) ஒற்றைக் கையால் தலைக்கு மேல் தூக்குவது 50, மறுபடி 25 புல்-அப்ஸ். கூட்டினால் 300. தயவுசெய்து கவனியுங்கள்: இது அவர்களுடைய தினசரிப் பயிற்சி இல்லை. வாரக்கணக்கில் பயிற்சி எடுத்த பிறகு வைத்த பரீட்சை. அதையும் எல்லா நடிகர்களும் எழுதவில்லை. நம் பையன்கள் பாடமே படிக்காமல் நேராகப் பரீட்சை ஹாலில் போய் உட்காருகிறார்கள். அதுவும் பந்தயம் கட்டி, நேரம் குறித்து, வீடியோ எடுத்துக்கொண்டு.

பழக்கமில்லாத தசையை இப்படி அடித்தால் தசைநார் செத்து உடைகிறது, உள்ளிருப்பது ரத்தத்தில் கலக்கிறது, சிறுநீரகம் மாட்டிக்கொள்கிறது. ராப்டோமயோலிசிஸ் என்பது பெயர். தசை உடைந்தால் கூடும் நொதியை அளக்கும் சி.கே. என்ற ரத்தப் பரிசோதனை சாதாரணமாக 200க்குள் இருக்கும். 1,000 தாண்டினாலே யோசிப்போம், 5,000 தாண்டினால் சிறுநீரகத்தை நினைத்துப் பயப்படுவோம். இந்த மாதிரிக் கேஸ்களில் அது லட்சத்தைத் தொடுவதும் உண்டு. இதற்கு மேல் விளக்கப் போவதில்லை. விளக்க வேண்டியது வேறொன்று.

அது சூடு.

"உடம்புச் சூடு சார், அதான் யூரின் இப்படிப் போகுது." ஒவ்வொரு முறையும் இதே வாக்கியம். முதல் நாள் இளநீர். இரண்டாம் நாள் வெந்தயம் ஊறவைத்த தண்ணீர், உள்ளங்காலில் விளக்கெண்ணெய். மூன்றாம் நாள் மெடிக்கல் ஷாப்பில் ஒரு வலி ஊசி. நான்காம் நாள், யூரினே வரவில்லை என்று என்னிடம் வருகிறார்கள். அம்மா, சூடு என்று நீங்கள் சொல்வது பெரும்பாலும் உடம்பில் தண்ணீர் குறைவது. அப்போது சிறுநீர் அடர்ந்த மஞ்சளாகும், கொஞ்சம் எரியும், தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தால் சில மணி நேரத்தில் வெளுத்துவிடும். பழுப்பாகவோ சிவப்பாகவோ கறுப்பாகவோ போனால் அது சூடு இல்லை. எரிச்சல் இல்லாமல், முந்தின நாளோ அதற்கு முந்தின நாளோ கடும் பயிற்சியும் செய்துவிட்டு அந்த நிறம் வந்தால் நிச்சயமாக இல்லை. எத்தனை வெந்தயம் போட்டாலும் இல்லை.

இளநீரைப் பற்றிச் சொன்னால் சண்டைக்கு வருகிறார்கள். எனக்கும் பிடித்த பானம்தான், கடற்கரைச் சாலையில் நானும் நின்று குடிக்கிறேன். நல்ல சிறுநீரகம் உள்ளவருக்கு ஒன்றும் ஆகாது. ஆனால் அதில் பொட்டாசியம் ஏராளம். உடைந்த தசையிலிருந்தும் பொட்டாசியம் ரத்தத்தில் கொட்டுகிறது, வெளியேற்ற வேண்டிய சிறுநீரகமோ படுத்துக் கிடக்கிறது. அந்த நேரத்தில் மூன்று நான்கு இளநீர் இறக்கினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும், நிற்கவும் கூடும். வாழைப்பழமும் ஜூஸும் அப்படித்தான். வெறும் தண்ணீர் குடித்துக்கொண்டே ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள் என்பதைத் தவிர வீட்டில் செய்ய வேறொன்றும் இல்லை.

இன்னொரு கிளைக்கதை, கீழாநெல்லி. யூரின் நிறத்தைப் பார்த்து மஞ்சள் காமாலை என்று முடிவு கட்டுவார்கள். கல்லீரலுக்காகப் பார்க்கும் எஸ்.ஜி.ஓ.டி. என்ற நொதி வேறு லேபில் கூடியிருக்கும். அந்த நொதி கல்லீரலில் மட்டும் இல்லை, தசையிலும் உண்டு. ஜூனியர் டாக்டர்களுக்கும் இதையே சொல்கிறேன்: எஸ்.ஜி.ஓ.டி. எகிறி, காமாலையில் கூடும் பிலிரூபின் இயல்பாக இருந்தால், கையைத் தூக்கச் சொல்லிப் பாருங்கள். யூரின் ஸ்ட்ரிப்பில் ரத்தம் என்று காட்டி, மைக்ரோஸ்கோப்பில் சிவப்பணு இல்லையென்றால், கல்லைத் தேடி ஸ்கேனுக்கு அனுப்புவதற்கு முன் ஒரு சி.கே. எழுதுங்கள்.

வலி எல்லாம் ஆபத்து என்று சொல்லவில்லை. புதிதாக ஜிம்முக்குப் போனால் இரண்டு மூன்று நாள் வலிக்கும், அசைத்தால் தளரும், அது இயல்பு. கை நீட்டவே முடியாத வலி, கண்ணுக்குத் தெரிகிற வீக்கம், கறுத்த அல்லது குறைந்த சிறுநீர், வாந்தி, படபடப்பு: இவற்றில் ஒன்று இருந்தாலும் அன்றைக்கே வாருங்கள். ராத்திரி என்றால் ராத்திரியே. சீக்கிரம் வந்தால் சலைன் ஏற்றிச் சில நாளில் அனுப்பிவிடுவோம். தாமதித்தால் டயாலிசிஸ் வரை போகும். வீக்கம் முற்றி விரல் மரத்துப்போனால் சர்ஜன் தோலையும் சவ்வையும் கீறித் திறந்துவிட வேண்டியிருக்கும். அந்தத் தழும்பு எந்த ரீல்ஸிலும் அழகாக இருக்காது.

தம்பிகளுக்கு. முதல் வாரம் பாதி போதும் என்று தோன்றினால், அதிலும் பாதி செய்யுங்கள். காய்ச்சல் வந்து தேறிய வாரத்தில் செய்யாதீர்கள். வெயில் ஏறிய பிறகு செய்யாதீர்கள். முந்தின ராத்திரி சரக்கு அடித்துவிட்டுக் காலையில் செய்யவே செய்யாதீர்கள். நம் ஊரில் இதைச் சொல்லவேண்டியிருக்கிறது. டப்பாவில் வரும் ப்ரீ-வொர்க்கவுட் பொடியைப் போட்டுக்கொண்டு, களைப்பே தெரியவில்லை என்று சந்தோஷப்படாதீர்கள். களைப்பு தெரியத்தான் வேண்டும். போலீஸ் தேர்வுக்காக மைதானத்தில் ஓடுகிற பிள்ளைகளே, தேதி நெருங்கிவிட்டது என்று மூன்று மாத வேலையை மூன்று நாளில் முடிக்கப் பார்க்காதீர்கள். உங்களைத் திட்ட எனக்கு மனசு வராது, ஆனால் தேர்வு நாளில் வார்டில் படுத்துக் கிடந்தவரைப் பார்த்திருக்கிறேன்.

ஜிம் மாஸ்டர்களே, புதுப் பையனை முதல் நாளே முடியாமல் விழவைத்தால்தான் மரியாதை என்ற எண்ணத்தை விடுங்கள். புல்-அப்ஸில் ஏறுவதைவிடக் கட்டுப்படுத்தி மெதுவாக இறங்குவதுதான் தசையை அதிகம் கிழிக்கிறது, உங்களுக்கே தெரியும். மெடிக்கல் ஷாப் அண்ணன்களே, கை வீங்கி வருகிற பையனுக்கு டைக்ளோஃபெனாக் என்ற வலி மருந்தைக் கொடுக்குமுன் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள், யூரின் என்ன நிறத்தில் போகிறது என்று. அந்த மருந்து, ஏற்கெனவே தத்தளிக்கும் சிறுநீரகத்துக்கு வரும் ரத்தத்தையும் குறைத்துவிடும்.

வீட்டுக்குப் போகும் எல்லோரும் கேட்பது, எப்போது சார் மறுபடி ஜிம்முக்குப் போகலாம் என்பதுதான். சி.கே. இயல்புக்கு அருகில் வந்து, யூரின் தெளிந்து, வலி போன பிறகு நடையில் தொடங்குங்கள். எடை தூக்குவது அதற்கும் சில வாரம் கழித்து, உங்கள் டாக்டர் சொன்ன பிறகு. சின்னப் பயிற்சிக்கே இரண்டாம் முறையும் இப்படி வந்தால், பிறவியிலேயே தசையில் ஏதாவது நொதிக் குறைபாடு இருக்கிறதா என்று தேட வேண்டியிருக்கும். அப்போது பழைய டிஸ்சார்ஜ் சம்மரி வேண்டும். பத்திரமாக வைத்திருந்து கையோடு கொண்டு வாருங்கள், போனில் போட்டோ எடுத்தது அழிந்துவிட்டது என்று சொல்லாமல்.