வொர்க்-ஸ்டடி கடிதம் வந்தாச்சு, வேலை எங்கே?

ஆகஸ்டில் ஒரு நாள், அமெரிக்கக் கல்லூரியில் படிக்கும் அக்கா மகள் போன் செய்தாள். "மாமா, வொர்க்-ஸ்டடின்னு 2,500 டாலர் கொடுத்திருக்காங்க. ஆனா பில்லுல அதைக் கழிக்கவே இல்ல. பில்லைத் தப்பாப் போட்டுட்டாங்களோ?"

பில் சரிதான். உதவித்தொகைக் கடிதம் எழுதும் விதத்தில்தான் கோளாறு. திருப்பித் தர வேண்டாத கிராண்ட், வட்டியோடு கட்ட வேண்டிய கடன், இன்னும் ஒரு மணி நேரம்கூட வேலை பார்க்காத சம்பளம், மூன்றையும் ஒன்றன்கீழ் ஒன்றாகப் போட்டுக் கூட்டிக் காட்டுகிறார்கள். பார்க்கிற பெற்றோர் மொத்தத்தையும் ஃபீஸிலிருந்து கழித்துவிடுகிறார்கள். பிறகு ஆகஸ்டில் பதறுகிறார்கள். வொர்க்-ஸ்டடி என்பது இந்த வருடம் இவ்வளவு வரை சம்பாதித்துக்கொள்ளலாம் என்ற உச்சவரம்பு, அவ்வளவுதான். வேலை பார்த்தால் மாணவர் கைக்குச் சம்பளமாக வரும். வேலை கிடைக்காவிட்டால் ஒரு சென்ட் வராது.

இது 1964-இல் தொடங்கிய அமெரிக்க ஃபெடரல் (மத்திய அரசு) திட்டம். ஃபாஃப்சா என்ற உதவித்தொகை விண்ணப்பப் படிவம் போட வேண்டும், பணத்தேவை இருப்பதாகக் கணக்கு வர வேண்டும், கல்லூரிக்கு ஒதுக்கிய பணத்தில் மிச்சம் இருக்க வேண்டும். மூன்றாவதை யாரும் சத்தமாகச் சொல்வதில்லை. தகுதி இருந்தும், படிவம் தாமதமாகப் போனதால் ஒன்றும் கிடைக்காதவர்கள் நிறைய. படிவம் வழக்கமாக அக்டோபர் 1 அன்று திறக்கும். வசந்த காலம் வரை ஆறப்போடாதீர்கள்.

நம் ஆட்கள் அதிகம் கேட்பது விசா பற்றி. எஃப்-1 (வெளிநாட்டிலிருந்து படிக்க வருபவருக்கான விசா) மாணவருக்கு இந்தத் திட்டம் கிடையாது. ஆனால் வளாகத்துக்குள் சாதாரண வேலை பார்க்கலாம். வகுப்பு நடக்கும் காலத்தில் வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் கூடாது. வேலைப் பட்டியலில் 'வொர்க்-ஸ்டடி கட்டாயம்' என்று போட்டிருப்பதைத் தாண்டிப் போய், மற்றதற்கு விண்ணப்பியுங்கள். சோஷியல் செக்யூரிட்டி எண் (சம்பளம், வரிக் கணக்குக்கு அரசு தரும் எண்) இல்லை என்று விண்ணப்பிக்காமலே இருந்துவிடாதீர்கள். வேலை கிடைத்தால்தான் எஃப்-1 மாணவருக்கு அந்த எண்ணே தருவார்கள். வேலை தரும் துறையிடம் ஒரு கடிதம், சர்வதேச மாணவர் அலுவலகத்தில் ஒரு கடிதம், இரண்டையும் வாங்கிக்கொண்டுதான் சோஷியல் செக்யூரிட்டி அலுவலகத்துக்குப் போக வேண்டும்.

எச்-4 விசாவில் (எச்-1பி போன்ற வேலை விசாவில் இருப்பவரின் குடும்பத்துக்குத் தருவது) படிக்கும் பிள்ளைகள் நிலைதான் மோசம். வொர்க்-ஸ்டடி மட்டுமல்ல, வேலை அனுமதி அட்டை இல்லாமல் லைப்ரரியில் புத்தகம் அடுக்கிக்கூடச் சம்பளம் வாங்கக் கூடாது. "கேம்பஸுக்குள்ளதானே" என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அந்தச் சலுகை எஃப்-1 காரர்களுக்கு, எச்-4 காரர்களுக்கு அல்ல. இன்னொன்று: எந்தப் படிவத்திலும், அவசரத்தில்கூட, 'குடிமகன்' கட்டத்தில் டிக் போட்டுவிடாதீர்கள். அந்த ஒரு டிக் பின்னால் கிரீன் கார்டையே கெடுக்கும்.

எதிர்த்திசையிலும் ஒரு தவறான நம்பிக்கை உண்டு. அப்பா எச்-1பி, பிள்ளை இங்கேயே பிறந்தது. "நமக்கெல்லாம் எதுவும் கிடைக்காது" என்று படிவமே போடாமல் விட்டுவிடுகிறார்கள். பிள்ளை குடிமகனாகவோ கிரீன் கார்டு வைத்திருப்பவராகவோ இருந்தால் போதும், பெற்றோர் விசாவை வைத்துத் தகுதி போகாது. சோஷியல் செக்யூரிட்டி எண் இல்லாத பெற்றோரும் ஃபாஃப்சாவுக்கான கணக்கைத் தொடங்கலாம்.

சரி, கடிதம் வந்துவிட்டது. கல்லூரித் தளத்தில் அதை 'ஏற்கிறேன்' என்று சொல்லிவிட்டீர்களா? பல இடங்களில் அதற்கும் கெடு உண்டு. அதன் பிறகு ஆரம்பிக்கிறது அலைச்சல். அக்கா மகள் உதவித்தொகை அலுவலகத்துக்குப் போனாள். மாணவர் வேலைவாய்ப்பு அலுவலகத்தைக் கேள் என்றார்கள். அங்கே, துறையைக் கேள் என்றார்கள். துறையில், உன் அனுமதி இன்னும் எங்கள் கணினியில் வரவில்லை, உதவித்தொகை அலுவலகத்தைக் கேள் என்றார்கள். யாரும் பொய் சொல்லவில்லை, முழுசாகவும் சொல்லவில்லை. பெரும்பாலான கல்லூரிகளில் யாரும் உங்களைக் கூப்பிட்டு வேலை கொடுக்கமாட்டார்கள். நீங்களே தேடி, விண்ணப்பித்து, நேர்காணலுக்குப் போய் வாங்க வேண்டும்.

வகுப்பு தொடங்குவதற்கு முன் தேடுங்கள். லைப்ரரி, ஜிம் முன்மேசை மாதிரி உட்கார்ந்து படிக்க முடிகிற வேலைகள்தான் முதலில் போகும். மின்னஞ்சலின் முதல் வரியிலேயே 'எனக்கு ஃபெடரல் வொர்க்-ஸ்டடி இருக்கிறது' என்று எழுதுங்கள். சம்பளத்தில் பொதுவாக 75 சதவீதம் வரை ஃபெடரல் பணம் என்பதால், உங்களை எடுத்துக்கொள்வது அவர்களுக்கும் லாபம். பதில் வரவில்லையா, வகுப்பு நேர அட்டவணையை அச்செடுத்துக்கொண்டு நேரில் போய் நில்லுங்கள். எந்தெந்த நேரம் வர முடியும் என்பதுதான் அவர்களின் முதல் கேள்வி. வகுப்பு நேரத்தில் இந்த வேலை பார்க்கக் கூடாது என்பது விதி.

வேலை கிடைத்த பிறகும் ஒரு முட்டுக்கட்டை: ஐ-9 படிவம், அதாவது உங்களுக்கு வேலை பார்க்க அனுமதி உண்டா என்று சரிபார்க்கும் படிவம். அக்கா மகள் போனில் பாஸ்போர்ட் படத்தைத் திறந்து நீட்டினாள். எதிரே இருந்த அலுவலகப் பெண்மணி படத்தைப் பார்க்கக்கூட இல்லை. "ஒரிஜினல்" என்ற ஒரே வார்த்தையோடு அடுத்தவரைக் கூப்பிட்டார். ஒரிஜினல் இருந்தது எட்டு மணி நேரப் பயணத் தூரத்தில், அம்மாவின் பீரோவில். கூரியரில் வந்து சேர்வதற்குள் ஒரு வாரச் சம்பளம் போயிற்று. வேலையில் சேர்ந்து மூன்று வேலை நாளுக்குள் கல்லூரி உங்கள் ஆவணங்களைச் சரிபார்த்தாக வேண்டும், அதனால் கெஞ்சிப் பயனில்லை. ஹாஸ்டலுக்குக் கிளம்பும்போதே அமெரிக்க பாஸ்போர்ட்டையோ கிரீன் கார்டையோ எடுத்துப்போங்கள். இரண்டும் இல்லாவிட்டால் டிரைவிங் லைசென்ஸ் அல்லது படம் போட்ட கல்லூரி அட்டை, கூடவே சோஷியல் செக்யூரிட்டி அட்டை. எஃப்-1 காரர்கள் பாஸ்போர்ட், ஐ-94 (நாட்டுக்குள் நுழைந்த பதிவு), ஐ-20 (கல்லூரி தந்த மாணவர் சான்று) மூன்றும்.

மணிக்கணக்கை முதல் நாளே போட்டுவிடுங்கள். வருடத்துக்கு 2,500 டாலர் என்றால் ஒரு செமஸ்டருக்கு 1,250. மணிக்கு 15 டாலர் என்றால் சுமார் 83 மணி நேரம். வாரம் 15 மணி நேரம் ஆசையாக உழைத்தால் ஆறாவது வாரத்திலேயே தீர்ந்துபோகும். அதற்குமேல் துறை தன் கைக்காசைப் போட்டால்தான் வேலை தொடரும். பல துறைகள் போடமாட்டா. பதினைந்து வாரத்துக்கும் வர வேண்டுமானால் வாரம் ஐந்தரை மணி நேரம்தான். பலரும் மாதச் செலவுக்கு இதை நம்பி ஏமாறுவது இங்கேதான்.

சம்பளத்துக்கு வருமான வரி உண்டு. படிக்கிற கல்லூரியிலேயே வேலை பார்த்தால், பாதி நேரமாவது பதிவு செய்திருக்கும் வரை, சோஷியல் செக்யூரிட்டி (ஓய்வூதியம்), மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) பிடித்தம் பொதுவாக இருக்காது. பிடித்திருந்தால் சம்பளப் பிரிவில் கேளுங்கள்.

பயன்படுத்தாத தொகை அடுத்த வருடத்துக்குச் சேராது. மதிப்பெண் அடிபட்டாலும் உதவி நின்றுபோகலாம். ஃபாஃப்சா ஒவ்வொரு வருடமும் புதிதாகப் போட வேண்டும். ஒரு வருடம் மறந்தால், இரண்டு வருடம் உட்கார்ந்த அதே மேசையில் வேறு யாராவது உட்கார்ந்திருப்பார்கள். கோடை விடுமுறைக்குக் கிளம்புமுன் மேலாளரிடம் "அடுத்த செமஸ்டர் நான் வரலாமா?" என்று கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கிவிடுங்கள்.